கயிற்றை அறுத்தவன் நான்

வில்லில் கட்டியிருந்த கயிற்றை அறுத்தவன் நான். ஆறுமுகம் இல்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் அதைச் சொல்லாமல், பொய் சொல்லி அவருடைய வேலையைப் போக்கியவனும் நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இனி வரப்போவதில் சிரிப்பு ஜாஸ்தி. சிரித்துக்கொண்டே படிக்கிறவர்கள் இந்த முதல் வரியை மறந்துவிடக் கூடாது.

எங்கள் ஊர் நாடகக் குழு இளைஞர்கள் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். அவர்களுடைய புது நாடகத்துக்கு வெள்ளைத் தெர்மாகோலில் ஒரு வில்லை வெட்டி, ஜிகினா ஒட்டி, என்னிடம் காட்டினார்கள். "எப்படி இருக்குது சார்? அந்தக் காலத்துல எப்படி செய்வீங்க?" என்று கேட்டார்கள். அந்த வில்லைத் தூக்கிப் பார்த்தேன். தூக்கினதே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் சிதம்பரத்தில் பள்ளி இறுதி வகுப்பு முடித்தவன். மஞ்சக்குப்பத்தில் ஏதாவது ஒரு ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. எனக்குப் படம் வரைய வரும். ஊருக்கு வந்த நாடகக் கம்பெனியில் சீன் வேலை பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன், திரும்பவில்லை. இழைப்பது, மரம் ஒட்டுகிற வஜ்ஜிரப் பசை காய்ச்சுவது, துணிக்கு வெள்ளை பூசுவது என்று இரண்டு வருஷம் ஓடிற்று. பெயர் கனகசபை என்றாலும் கம்பெனியில் எல்லோருக்கும் நான் 'டிராயிங்கு'தான். எதைச் செய்யச் சொன்னாலும் முதலில் சாக்கட்டியால் தரையில் வரைந்துவிடுவேன்.

மேடைச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் பொறுப்பு கோவிந்தசாமி மேஸ்திரி. ஒல்லியான மனிதர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வேலை நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போய்விடுவார். சரியில்லை என்றால் அதைக் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பக்கமும் தடவிப் பார்த்து, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதுபோல நம் காலடியில் மெதுவாக வைத்துவிட்டுப் போவார். அந்த மெதுவுக்குப் பதில் நாலு அடி வாங்கியிருக்கலாம்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. மேடையின் பக்கவாட்டில், நடிகர்கள் உள்ளே போகக் காத்திருக்கும் இடம், பகல் காட்சியிலும் இருட்டாகத்தான் இருக்கும். கறுப்புத் துணியும் தட்டியும் போட்டு மூடியிருப்போம். மேடையில் உடைய வேண்டிய சாமான் எதுவானாலும், வாளோ, பானையோ, அதன் அடியில் ஒரு விரல் நீளத் தேங்காய்நார்க் கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியாக வேண்டும். சாமான் எடுத்துக் கொடுக்கிறவர் முடிச்சைத் தடவிப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். "கண்ணு பளபளப்பப் பாத்து ஏமாந்துரும். கை ஏமாறாது" என்பார்.

அப்போது எங்களுக்குப் பெரிய வசூல் தந்த நாடகம் ஒன்றில் ஒரு வில் வரும். இளவரசன் ஒரே அம்பில் கோட்டை மணியை அடித்து ராஜகுமாரியைக் கல்யாணம் செய்துகொள்வான். பிறகு ராஜாவாகி, சண்டை சண்டை என்று ஊர் ஊராகப் போய், கடைசியில் செத்தும் போவான். கடைசிக் காட்சியில் ராணி அதே வில்லை முழங்காலில் வைத்து ஒடித்து, "போதும்" என்பாள். பார்க்கிறவர்களுக்கு ஒரே வில். எங்களுக்கு இரண்டு: எய்கிற வில் ஒன்று, ஒடிகிற வில் ஒன்று.

எய்கிற வில் பெரிய ஏமாற்றம். தேக்குப் பலகையில் அறுத்துத் தங்கப் பூச்சுப் பூசியது. இழுத்தால் வளையும். விட்டால் நிமிராது. சாப்பிட்டு எழுந்த மாமனார் மாதிரி அப்படியே கூனிக்கொண்டு நிற்கும். அம்பு அதிலிருந்து புறப்படும் என்று சொல்வதைவிட இறங்கும் என்று சொல்லலாம். மணி இருந்ததோ மேடையின் மறுகோடியில். அம்பு தவறினாலும் மணி ஒலிக்கட்டும் என்று, உள்ளே ஒருவர் நாண் சத்தம் கேட்டதும் சுத்தியலால் நிஜ மணியை அடிப்பார்.

கடலூர் முகாமில், மஞ்சக்குப்பம் மைதானத்துக் கொட்டகையில், ஒரு நாள் ராஜபார்ட் நாணை இழுத்து விட்டார். அம்பு நேராகக் கீழே போய் ஆர்மோனியத்தின் கட்டைகள்மேல் விழுந்தது. ஆர்மோனியம் 'ஙொய்' என்றது. அதே சமயம் கோட்டை மணி கணீரென்று ஒலித்தது. அமைச்சர் வேஷக்காரர், "ஆகா! மணியை அடித்துவிட்டார் இளவரசர்!" என்று மனப்பாடம் செய்ததைச் சொல்லிவிட்டார். தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: "யோவ் ராசா! அம்ப எடுத்துகினு நடந்தே போயி அடிச்சிட்டு வந்துருய்யா! நாங்க இருக்கோம்!"

உலகச் சண்டைக் காலம் அது. அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. வயிறு காய்ந்த ஜனம் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் போயிற்று. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "சிதம்பரம் முகாமுக்குள்ள அம்பு மணிய அடிக்கணும், மேஸ்திரி" என்றார்.

மேஸ்திரி அந்த வில்லைக் கண்ணை மூடித் தடவினார். பிறகு என் காலடியில் மெதுவாக வைத்தார்.

இங்கேதான் ஆறுமுகம் வருகிறார். கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் படகு கட்டுகிற ஆசாரி. என்னைவிட ஆறு வயது பெரியவர். எங்கள் நாடகத்தைப் பத்துத் தடவை தரை டிக்கெட்டில் பார்த்து, பதினோராவது தடவை பணம் கொடுக்காமல் பார்க்க ஒரே வழி கம்பெனியில் சேருவதுதான் என்று முடிவு செய்து, உளியும் மரம் செதுக்குகிற வாச்சியுமாக வந்து சேர்ந்தவர். இழைக்கும்போது ராணியின் வசனம் முழுவதையும் ராணியின் குரலிலேயே சொல்லுவார். மரச்சுருள் பறக்கும், ராணி அழுவாள்.

நான் சரித்திரப் புத்தகத்தில் பார்த்த குதிரை வீரர்களின் வில்லைத் தரையில் வரைந்து காட்டினேன். அந்த வில்லின் இரண்டு நுனிகளும் எய்கிறவனைப் பார்க்காமல், எதிரியைப் பார்த்து வளைந்திருக்கும். நாண் கட்டினால் அந்த நுனிகள் அதை எதிர்த்து முறைத்துக்கொண்டே நிற்கும். விட்டவுடன் அந்த முறைப்பு முழுவதும் அம்புக்குப் போய்விடும்.

ஆறுமுகம் தரைப்படத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "அட, இது நம்ம படகு மூக்குதானடா டிராயிங்கு! ஆவி காட்னா தேக்கு கேக்கும்."

அடுத்த மூன்று வாரம் நாங்கள் பைத்தியம் பிடித்தாற்போல இருந்தோம். தங்கப் பூச்சைச் சுரண்டினோம். வில்லின் உட்பக்கத்தை இழைத்து, பிறகு கண்ணாடிச் சில்லால் வழித்து, பாதிக் கனத்துக்குக் கொண்டுவந்தோம். வில் சிறுத்தது, என் உடம்பில் வேர்வை வற்றியது. அடுத்தது நுனிகளை ஆவியில் வேக வைப்பது. படகுத்துறையில் அதற்கு ஆள் உயரப் பெட்டி உண்டு. எங்களிடம் இருந்தது கம்பெனிச் சமையல்காரரின் இட்லிக் கொப்பரை.

மூடியில் ஒரு ஓட்டை போட்டோம். நுனியை உள்ளே விட்டு, சுற்றிலும் ஈரத் துணியை அடைத்தோம். எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"மூணு ஈடு" என்றார் ஆறுமுகம்.

"எதுக்கு மூணு ஈடு?" என்று கேட்டுக்கொண்டே சமையல்காரர் வந்துவிட்டார். மூடியைப் பார்த்தார். "அடப் பாவிங்களா! ஓட்ட போட்டுட்டீங்களே! என்னாடா வேவுது உள்ள?"

"வில்லு மாமா."

"வெந்துதான்னு குச்சியால குத்திப் பாக்கட்டுமா?"

மறுநாள் காலை இட்லியில் தேக்கு வாசனை. முப்பது பேர் சாப்பிட்டோம். ராஜபார்ட் மட்டும் இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு இட்லி கம்பீரமா இருக்குது" என்றார்.

வெந்த நுனியை எடுத்ததும் பத்து எண்ணுவதற்குள் வளைத்தாக வேண்டும். நான் வரைந்த அளவுக்கு ஒரு மரக்கட்டையை முதலிலேயே செதுக்கி வைத்திருந்தோம். ஆறுமுகம் கந்தல் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு நுனியைக் கட்டையில் அழுத்துவார்; நான் கயிற்றால் இறுக்குவேன். முதல் நுனி சாதுவாக வளைந்தது. இரண்டாவது நுனியில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். ஒடிந்தது மரமில்லை, ஆறுமுகத்தின் சட்டைப் பொத்தான். அதற்கு அவர் சிரித்த சிரிப்பில் கட்டையே கையிலிருந்து நழுவப் பார்த்தது.

ஒரு வாரம் கட்டையிலேயே காயவிட்டோம். கல்மூங்கில் பட்டை ஒன்றையும் அதே மாதிரி வேக வைத்து வளைத்து, காய்ந்த பிறகு வஜ்ஜிரம் தடவி வில்லின் முதுகில் ஒட்டினோம். துணிநாடாவால் நுனிமுதல் நுனிவரை சுற்றி நாலு நாள் தொடவில்லை. பிறகு சுவரில் ஆணியடித்து வில்லை மாட்டி, பின்னால் சாக்கட்டியால் கட்டம் போட்டேன். நாணை ஒருவர் கீழே இழுக்க, இரண்டு பக்கமும் ஒரே அளவு இறங்குகிறதா என்று கட்டத்தில் பார்க்க வேண்டும். மேஸ்திரி வெற்றிலையை மென்றுகொண்டு தூர நின்று பார்ப்பார். "எடது பக்கம் சோம்பேறி" என்பார். இடது பக்கம் அதிகமாகத் தொய்கிறது என்று அர்த்தம்; வலதும் அதே அளவு வளைய அதை இரண்டு தடவை வழிப்போம். "இப்ப வலது பக்கம் சோம்பேறி." இப்படி ஒரு பகல் முழுவதும் போயிற்று. சாயங்காலம் அவர் வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போனார்.

"டேய், போயிட்டாருடா!" என்று ஆறுமுகம் என்னைத் தூக்கிச் சுற்றினார்.

சணல் நூலை முறுக்கித் தேன்மெழுகு தேய்த்து நாண் கட்டினோம். மைதானத்துக்கு எடுத்துப் போனோம். மேடை அம்புதான், முனையில் துணிப்பந்து. ஆறுமுகம் இழுத்தார். விட்டார். அம்பு போனதை நான் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது, புறா எழும்புகிற மாதிரி. அது மைதானத்தைத் தாண்டி, சாலையில் பண்ருட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்த வைக்கோல் வண்டிக்குள் இறங்கிவிட்டது. வண்டிக்காரருக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் வில்லும் கையுமாக, "நிறுத்து! நிறுத்து!" என்று கத்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினோம். திரும்பிப் பார்த்த வண்டிக்காரர் வில்லைக் கண்டதும் மாட்டை விரட்டத் தொடங்கிவிட்டார். அந்த அம்பு எங்களுக்குக் கிடைக்கவே இல்லை.

எய்கிற வில் இப்படி மாறிவிட்டதால், ஒடிகிற வில்லும் அதே மாதிரி ஆக வேண்டும். அந்த இரட்டையைச் செய்தது நான். நடுப்பிடியில் இரண்டாக அறுத்து, மெல்லிய மூங்கில் ஆப்பு வைத்துப் பொருத்தி, ஒடியும்போது வெடிக்க ஒரு பொட்டுவெடிக் கேப்பு வைத்து, மேலே சிவப்புப் பட்டு நூல் சுற்றினேன். எய்கிற வில்லுக்கும் அதே நூல். இரண்டுக்கும் அதே தங்கம், அதே கனம். அடியில் நார்க்கயிறு இல்லாவிட்டால் செய்த எனக்கே வித்தியாசம் தெரியாது. அந்தப் பெருமை எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது.

சிதம்பரத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. முதலாளி ஊர்ப் பெரியவர்களை முன்வரிசைக்கு அழைத்திருந்தார். மதியம் ஒரு போட்டோக்காரர் வந்தார். ராஜபார்ட்டைப் படம் எடுத்த பிறகு, "வில்லச் செஞ்சது யாரு? ரெண்டையும் புடிச்சிகினு நில்லுங்க" என்றார். ஆறுமுகம் அப்போது ஆணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான் நின்றேன். இடது கையில் இருந்த வில்லின் அடியில் நார்க்கயிறு தொங்கிற்று. பட்டுப் புடவையில் தேங்காய்நார் ஒட்டியது போல எனக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது. பேனாக்கத்தியால் அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். படம் எடுத்ததும் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல் போட்டோ. எந்தக் கால் முன்னால், எந்தக் கால் பின்னால் என்ற கவலையில் கயிறு மறந்துபோயிற்று.

காட்சியில் வில்லை எடுத்துக் கொடுக்கிற பொறுப்பு ஆறுமுகத்துக்கு. இருட்டில் இரண்டு வில்லையும் தடவியிருக்கிறார். இரண்டிலும் கயிறு இல்லை. ராஜபார்ட் கையை நீட்டிவிட்டார். உள்ளே போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஆறுமுகம் ஒன்றைக் கொடுத்தார்.

ராஜபார்ட் மேடை நடுவில் நின்று, "இந்த ஒரு அம்பு போதும்!" என்று நாணை இழுத்தார். 'டப்' என்று கேப்பு வெடித்தது. வில் இரண்டு துண்டாகி இரண்டு கையிலும் தொங்கிற்று. உள்ளே இருந்தவர் கணீரென்று மணியை அடித்தார். அமைச்சர், "ஆகா! மணியை அடித்துவிட்டார் இளவரசர்!" என்றார்.

கொட்டகை அதிர்ந்தது. ஆனால் ராஜபார்ட் பெரிய ஆள். "சதி! உளுத்த வில்லைக் கொடுத்தவன் எவன்? கொண்டு வா என் சொந்த வில்லை!" என்று கர்ஜித்தார். ஆறுமுகம் மற்றதை நீட்டினார். இழுத்தார், விட்டார். அம்பு மேடையைக் கடந்து மணியின் நடு வயிற்றில் அடித்தது. அன்று எழுந்த கைதட்டலை இந்த வயதில் நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. திரை மறைவில் ஆறுமுகமும் நானும் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தோம்.

கடைசிக் காட்சி மிச்சம் இருந்தது. ஒடிகிற வில்லின் ஆப்பு சிதறிவிட்டது. வஜ்ஜிரம் காய நேரமில்லை. மேஸ்திரி எய்கிற வில்லையே எடுத்துக்கொண்டு ஸ்திரீபார்ட் நடிகரிடம் போய், "ஒடிக்காதீங்க. தூக்கித் தரையில எறிஞ்சிடுங்க, போதும்" என்றார். ராணி தலையாட்டினார். மேடைக்குப் போனார். அழுகை வந்தது, வசனம் வந்தது, பழக்கத்தில் முழங்காலும் வந்துவிட்டது.

வில் வளைந்தது. ராணி விட்டதும் நிமிர்ந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி நிமிர்ந்தது. கல்மூங்கில் அது. மூன்றாவது தடவை முழு உடம்பையும் போட்டு அழுத்தினார். வில் கையிலிருந்து துள்ளி, கிரீடத்தைத் தட்டி, கிரீடம் முன்வரிசையில் இருந்த முதலாளியின் மடியில் போய் விழுந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் எழுந்து நின்று, "கால்ல போட்டு மிதிம்மா! இல்லேன்னா அடுப்புல வையி!" என்று யோசனை சொன்னார். ராஜாவாகச் செத்துக் கிடந்தவர் வயிறு குலுங்கக் குலுங்கச் செத்துக் கிடந்தார்.

காட்சி முடிந்ததும் முதலாளி கிரீடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். எல்லோரும் வரிசையாக நின்றோம். மேஸ்திரி வழக்கம்போல மெதுவாகக் கேட்டார். "ஆறுமுகம், தடவிப் பாத்தியா?"

"பாத்தேன் மேஸ்திரி. ரெண்டுலயும் கயிறு இல்ல."

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "கட்டினியா தம்பி?"

கயிறு என் சட்டைப் பையில் இருந்தது. அது நெஞ்சில் குத்தியதை இப்போதும் உணர்கிறேன். "கட்டித்தான் வச்சேன் மேஸ்திரி" என்றேன்.

அவ்வளவுதான். அதோடு ஆறுமுகம் பொய்யராகிவிட்டார். பொய்யர் இல்லையென்றால் கை மரத்துப்போன ஆசாரி. அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை; யோசிக்கிற பார்வை. மேஸ்திரி அவருடைய வாச்சியை எடுத்து, அவர் காலடியில் மெதுவாக வைத்தார்.

படகுத்துறைக்கு அவர் போய்ச் சேருவதற்குள் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. "வில்லுக்காரரு வந்துட்டாரு! படகுன்னு நெனச்சி கட்டிலச் செஞ்சிடப் போறாரு, பாத்துக்கோ!" என்று அங்கே எல்லோரும் கேலி செய்ததாகக் கேள்விப்பட்டேன். ஒரு மாதம் கழித்துப் போட்டோ வந்தது. பார்த்தேன், பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டினேன்.

நாலு வருஷம் கழித்துக் கம்பெனி கலைந்தது. சினிமாவுக்குப் போகிறவர்கள் போனார்கள். அந்த வில்லை யாரும் கேட்கவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். வில்லையும் போட்டோவையும் துணியில் சுற்றிக்கொண்டு உப்பனாற்றங்கரைக்குப் போனேன். ஆறுமுகம் ஒரு படகின் அடியில் மல்லாந்து படுத்துத் தார் பூசிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து வரவில்லை.

"வில்ல நாண் அவுத்தா வச்சிருந்தே?" என்று படகின் அடியிலிருந்து குரல் வந்தது.

"ஒவ்வொரு தடவையும் அவுத்துடுவேன்ணே. கட்டியே வச்சா கூனிடுமே."

"அது ஒண்ணாவது செஞ்சியே." கொஞ்ச நேரம் தார் பூசுகிற சத்தம். "எங்கிட்ட சொல்லி என்னா? நான் தடவிப் பாத்தவன், எனக்குத் தெரியாதா? மேஸ்திரிகிட்ட சொல்லு."

மேஸ்திரி அப்போது கீரப்பாளையத்தில் மகள் வீட்டில் இருந்தார். போட்டோவைக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணை மூடித் தடவினார். பிறகு சிரித்துவிட்டு, கண்ணைத் திறந்து பார்த்தார். "நானும் அன்னிக்கு கேட்டுட்டுதான் விட்டேன். உன் பையத் தடவிப் பாத்திருக்கணும்" என்றார். மறுநாள் என்னோடு பஸ்ஸில் வந்து, படகுத்துறையில் வேலை செய்கிற எல்லோர் முன்னாலும் ஆறுமுகத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இந்தக் கை சரியாத்தான் சொல்லிச்சு" என்றார். ஆறுமுகம் மூக்கை உறிஞ்சினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டிராயிங்கு, நீ தப்பிச்சிட்டேன்னு நெனைக்காதே. நான் கூப்புடறப்பல்லாம் வந்து இந்தக் கதையச் சொல்லணும். வாய் வலிக்குதுன்னு சொல்லக் கூடாது."

கூப்பிட்டார். புதுப் படகு இறக்கும்போது கூப்பிட்டார். மகளுக்குக் காது குத்தும்போது கூப்பிட்டார். அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால், "டிராயிங்கு, எழுந்து சொல்லு!" என்று பந்தியிலிருந்து எழுப்பினார். அவர் வீட்டுக் கூடத்தில் வில்லை மாட்டி, அதன் கீழே அந்தப் போட்டோவையும் மாட்டியிருந்தார். நான் அதன் அடியில் நின்று சொல்லுவேன். இட்லிக்குச் சிரிப்பார்கள், வைக்கோல் வண்டிக்குச் சிரிப்பார்கள், கிரீடத்துக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். "கட்டித்தான் வச்சேன் மேஸ்திரி" என்று நான் சொல்கிற இடத்தில் மட்டும் ஆறுமுகம் கையைத் தூக்குவார். எல்லோரும் பேசாமல் இருப்பார்கள். பத்து எண்ணுகிற நேரம்; தேக்கு ஆறுவதற்குள் வளைக்க வேண்டிய நேரம். பிறகு கையை இறக்கி, "சரி, சோறு போடுங்க" என்பார்.

போன தை மாதம் அவர் காலமாகிவிட்டார். இனி என்னை எழுப்பிச் சொல்லச் சொல்கிறவர் யாரும் இல்லை. பத்து நாள் நிம்மதியாக இருந்தேன். பதினோராம் நாள் முதல் இருக்க முடியவில்லை. அதனால்தான் மலருக்குக் கேட்டதும் ஒப்புக்கொண்டேன்.

அந்தப் போட்டோவை அவர் மகள் கொடுத்தனுப்பியிருக்கிறாள். கட்டுரையோடு அச்சிடச் சொல்லியிருக்கிறேன். வலது கையில் இருப்பது நாங்கள் இரண்டு பேரும் செய்தது. இடது கையில் இருப்பது ஒடிவது. அதன் அடி நுனியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், கயிறு இருக்காது. ஒரு காலை முன்னால் வைத்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறவன் நான்.